ஜப்பான் சீட்டில் என் ஐந்து மாத வெற்றி

முடிகிற நிலைமையில் இருந்த என் கல்யாணப் பேச்சு நின்றுபோனதற்கு எங்கள் தெருவில் சொல்லிக்கொள்கிற காரணம், நான் சீட்டாடுகிறவள் என்பது. அதில் பாதி உண்மை. ஆடினேன், மறுக்கவில்லை. ஆனால் ஆடத் தெரிந்து ஆடினேன் என்று யாராவது சொன்னால், அதுதான் என்னைப் பற்றிச் சொல்லப்பட்டதிலேயே பெரிய பொய்.

என் வேலையைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும், இல்லாவிட்டால் இந்த வெட்கக்கேட்டின் முழு ருசியும் தெரியாது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வண்டி என்ஜினுக்கு ரப்பர் வளையம் செய்கிற கம்பெனியில் நான் கியூ.சி. பிரிவு சூப்பர்வைசர். மேஜைக்கு வருகிற வளையத்தை அளவு பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் பச்சைத் தட்டு, தப்பாக இருந்தால் சிவப்புத் தட்டு. எனக்குக் கீழே பன்னிரண்டு பேர். என் கையெழுத்து விழாமல் ஒரு பெட்டிகூட லாரியில் ஏறாது. இதை எழுதும்போதே முதுகு தானாக நிமிர்கிறது, பாருங்கள். தலைமுடி அகலத்தில் பாதி குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அப்படிப்பட்டவள்தான் ஐந்து மாதம் ஒரு விஷயத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெட்டி என்னிடம் வந்தது ஆயுத பூஜை அன்று. கம்பெனியில் பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுத்து முடிந்ததும் ஒரு குலுக்கல் நடக்கும். முதல் பரிசு மிக்சி, அப்புறம் ஹாட் பாக்ஸ், எவர்சில்வர் குடம் என்று இறங்கிக்கொண்டே போகும். அந்த வருஷம் புது மெஷின் பொருத்த ஜப்பானிலிருந்து ஒரு டெக்னீஷியன் வந்து மூன்று மாதம் இருந்தார். ஊருக்குக் கிளம்புகிற நேரத்தில், நீங்களும் ஏதாவது பரிசு கொடுங்கள் என்று யாரோ அவரிடம் கையைக் காலை ஆட்டிப் புரியவைத்திருக்கிறார்கள். அவர் பைக்குள் கைவிட்டு, தான் ஓய்வில் விளையாட வாங்கி, பிரிக்காமலே வைத்திருந்த பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டார். குலுக்கலில் அது எனக்கு விழுந்தது. எனக்கு அடுத்து, கூட்டிப் பெருக்குகிற அக்காவுக்குக் குடம் விழுந்தது. மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அந்த அக்கா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத்த வச்சினு நான் தண்ணியா புடிக்கிறது?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சோப்பு டப்பா அளவு இருக்கும். சாம்பல் நிறம், சின்னத் திரை, நாலைந்து பொத்தான்கள், பின்பக்கம் இரண்டு பென்சில் பேட்டரி. உள்ளே ஒரே ஒரு ஆட்டம், அதுவும் முழுக்க ஜப்பானிய எழுத்தில். திரையில் சீட்டு சீட்டாக வந்தது. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு விநோதப் பிராணி. நெருப்பு கக்குகிற நாய் மாதிரி ஒன்று, இலை முளைத்த தவளை மாதிரி ஒன்று. ஜப்பானில் இந்தச் சீட்டுகளைப் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கிச் சேர்ப்பார்களாம், மாற்றிக்கொள்வார்களாம், இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து மோதவிடுவார்களாம். அந்தக் காகிதச் சீட்டாட்டத்தைத்தான் பெட்டிக்குள் அடக்கியிருந்தார்கள். இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். இது சீட்டு, எனக்குச் சீட்டு ஆடத் தெரியும்.

எனக்குத் தெரிந்த சீட்டாட்டம் கழுதை. எங்கள் வீட்டில் கரண்ட் போகிற மதியங்களில் அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து ஆடுவோம். கையில் இருக்கிற சீட்டை முதலில் தீர்த்தவர் தப்பித்தார். கடைசியில் சீட்டோடு மாட்டிக்கொள்கிறவர் கழுதை. அவரை அன்று முழுக்கக் கழுதை என்றே கூப்பிடலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆக, சீட்டு என்றால் என் மண்டையில் ஏறியிருந்த விதி ஒன்றே ஒன்று: கையில் தங்கவிடாதே, சீக்கிரம் தீர்த்துவிடு.

பெட்டியிலும் அதையே செய்தேன். திரையின் ஓரத்தில் என் கட்டு இருக்கும், அதில் எத்தனை சீட்டு மிச்சம் என்று எண் ஓடும். ஜப்பான் எழுத்துதான் தெரியாதே தவிர, எண் எனக்குத் தெரியும். சில சீட்டுகளைப் போட்டால் கட்டிலிருந்து ஒரே மூச்சில் ஆறேழு சீட்டு உருவிக்கொண்டு வரும். அவற்றைத் தேடித் தேடிப் போட்டேன். அந்தப் பிராணிகளை மோதவே விடவில்லை. எதற்கு வீணாக? எண் மளமளவென்று இறங்கிப் பூஜ்யத்துக்கு வந்ததும் ஆட்டம் நின்றுவிடும், மெல்லிசாக ஒரு இசை வரும். எதிரே தலையில் துணி கட்டிய ஒரு குண்டு மனிதர் தோன்றி, இடுப்பு வரை குனிந்து ஒரு கும்பிடு போடுவார். தோற்றவன் ஜெயித்தவளுக்குக் கும்பிடு போடுகிறான், எவ்வளவு மரியாதை தெரிந்த ஊர் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போதே சொல்லிவிடுகிறேன், உங்களைக் காக்க வைப்பானேன். அந்த ஆட்டத்தில் கட்டு தீர்ந்துபோனவர்தான் தோற்றவர். ஒவ்வொரு முறையும் நான் ஓடோடிப் போய்த் தோற்றுக்கொண்டிருந்தேன்.

சந்தேகம் வரவில்லையா என்றால், வர வேண்டிய இடமெல்லாம் வந்தது, நான்தான் அதற்கு வழிவிடவில்லை. உதாரணமாக, ஐந்து மாதமும் எனக்கு எதிராளி அந்தக் குண்டு மனிதர் ஒருவர்தான். ஜெயித்தால் வேறு ஆள் வர வேண்டும் அல்லவா? நான் என்ன நினைத்தேன் என்றால், பாவம், தோற்ற ஆத்திரத்தில் இவன் விடாமல் வம்புக்கு இழுக்கிறான் என்று. கும்பிடு போட்டதும் அவர் ஏதோ கேட்பார். மேலே ஒரு சொல், கீழே ஒரு சொல் வரும். கீழே இருப்பதை அழுத்தினால் உடனே அடுத்த ஆட்டம். "சரி, வா, இன்னொரு ஆட்டம்" என்பதுதான் அது என்று எனக்குள் தீர்மானம். சீட்டு அடுக்கி வைக்கிற ஆல்பம் மாதிரி ஒரு பக்கமும் இருந்தது. அதில் முக்கால்வாசிக் கட்டங்கள் காலி. ஜெயிக்கிறவர்களுக்குப் புதுச் சீட்டு கிடைத்து அவை நிறையும் என்பது எனக்குத் தெரியாது. ஜப்பான்காரனும் அரைகுறையாகச் சரக்கு அனுப்புகிறான் போல என்று மனசுக்குள்ளேயே அதைச் சிவப்புத் தட்டில் போட்டேன்.

வீட்டில் ஆட நேரம் கிடையாது. கம்பெனி பஸ்ஸில்தான் ஆடுவேன். திருவள்ளூரில் காலை ஆறே முக்காலுக்கு ஏறினால் பெரியபாளையம் வருவதற்குள் ஒரு ஆட்டம், புதுவாயலில் டீக்கு நிறுத்துவதற்குள் இன்னொரு ஆட்டம். "இன்னாம்மா அது?" என்று டிரைவர் கேட்டார். "சீட்டாட்டம்ணா, ஜப்பான் சீட்டு" என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். நான் மூடவில்லை. டீக்கு இறங்கும்போதெல்லாம் "இன்னிக்கும் ரெண்டு, ரெண்டுமே ஜெயிச்சாச்சு" என்று அறிவிப்பேன். கொஞ்ச நாளில் டிரைவரே என்னைப் பார்த்ததும் இரண்டு விரலைக் காட்டிச் சிரிப்பார், நானும் இரண்டு விரலைக் காட்டுவேன். பஸ்ஸில் எனக்கு ஒரு அந்தஸ்து வந்துவிட்டதாகவே நம்பினேன்.

இதற்கு நடுவில்தான் அந்த வரன் வந்தது. எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அதற்கு முன் நாலு வரன் வந்து போயிருந்தது. நாலும் ஒரே இடத்தில் முறிந்தது. வேலையை விடமாட்டேன் என்றேன். "இவ்ளோ தூரம் தெனமும் பஸ்ல போய்க்கினு வரணுமா பொம்பள புள்ள?" என்பார்கள். அவ்வளவுதான், தட்டோடு எழுந்துவிடுவார்கள். ஐந்தாவது வரன் பெரியபாளையத்துப் பக்கம். மாப்பிள்ளை ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் என்ஜினியர். ஆறு மாதம் ஜப்பானில் டிரெய்னிங் போய்வந்தவர். பெண் பார்க்க வந்த அன்று எங்களைத் தனியாகப் பேசச் சொன்னார்கள். பின்பக்கம் தண்ணீர் மோட்டார் அருகில் நின்றோம். சமைக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா என்று கேட்பார் என்று பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்டது, "உங்க கம்பெனில ரிஜெக்ட் எவ்ளோ வருங்க?"

என் மனசு அங்கேயே விழுந்துவிட்டது. எந்த மெஷினில் எவ்வளவு ரிஜெக்ட் வரும், மழைக்காலத்தில் ஏன் கூடும் என்று கால் மணி நேரம் பேசினேன். அவரும் கொட்டாவி விடாமல் கேட்டார். ஜப்பான் சீட்டைப் பற்றியும் சொல்ல நாக்கு துறுதுறுத்தது. முதல் நாளே சீட்டாட்டப் பேச்சு வேண்டாம் என்று அறிவு தடுத்தது. என் அறிவு வேலை செய்தது அந்த ஒரு நாள்தான், அதுவும் தப்பான நாள்.

அவர்கள் போனதும் அப்பாவிடம் நான் கேட்ட ஒரே கேள்வி, "வேலைக்கு ஒத்துக்கினாங்களாப்பா?"

அப்பா ரோலிங் மில்லில் வேலை பார்த்து ரிட்டயரானவர். அதிகம் பேசமாட்டார். "ஒத்துக்கினாங்கம்மா" என்றார். நான் அன்றிரவு சாப்பாடே இறங்காத அளவுக்குச் சந்தோஷமாக இருந்தேன். இந்த மனிதரும் கிடைப்பார், என் மேஜையும் எனக்கே இருக்கும். இரண்டும் சேர்ந்து ஒருத்திக்குக் கிடைக்கும் என்று நான் எதிர்பார்த்ததே இல்லை.

தட்டு மாற்றுவதற்கு முன் பெண்ணைப் பற்றி வெளியில் விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாப்பிள்ளையின் தாய்மாமனுக்குப் பெரியபாளையம் கோயிலருகே பூஜைச் சாமான் கடை. எங்கள் கம்பெனி பஸ் அந்த வழியாகத்தான் போகும் என்பதால் அவருக்கு வேலை சுலபம். ஒருநாள் புதுவாயல் டீக்கடைக்கே வந்து டிரைவரிடம் என்னைப் பற்றிக் கேட்டிருக்கிறார். டிரைவர் என் மேல் பிரியம் உள்ளவர். உள்ளதை உள்ளபடி புகழ்ந்து தள்ளிவிட்டார். "அந்தப் பொண்ணா? தங்கமான பொண்ணுங்க. யார் வம்புக்கும் போவாது. ஏறிக் குந்துச்சின்னா தல நிமிராது, சீட்டுதான். தெனமும் ஜெயிச்சிக்கினே இருக்கும்னா பாத்துக்கோங்க!"

இரண்டு நாள் கழித்துத் தரகர் அப்பாவுக்குப் போன் செய்தார். அதற்குள் பேச்சு கைமாறிக் கைமாறி நன்றாகக் கொழுத்திருந்தது. பொண்ணு செல்போனில் சீட்டாடுகிறது, பணம் வைத்து ஆடுகிறது, அதுவும் ஜெயிக்கிறது. செல்போன் ரம்மியில் வீட்டையே இழந்தவர் கதை எங்கள் ஊரில் எல்லோரிடமும் ஒன்று இருக்கும். அவர்கள் பயந்ததில் தப்பே இல்லை.

அப்பா போனை வைத்துவிட்டுப் பின்பக்கம் வந்தார். நான் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தேன்.

"சீட்டு ஆடுறியாமே?"

"ஆமாம்பா."

"ஜெயிக்கிறியாமே?"

"ஆமாம்பா." சிரித்துக்கொண்டே சொன்னேன். நம் புகழ் திருவள்ளூர் வரை வந்துவிட்டதே என்று உள்ளே ஒரு குளிர்ச்சி வேறு.

"இதுவரைக்கும் எவ்ளோ?"

"எண்ணலப்பா. ஒண்ணுகூட உட்டதில்ல."

அப்பா அப்படியே தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். உள்ளேயிருந்து அம்மாவின் குரல், "பேஜாராப் போச்சே! எங்க நைனா இருந்திருந்தா இந்நேரம் நெஞ்சு வெடிச்சிருப்பாரே!" என்று. அம்மா பள்ளிப்பட்டுக்காரர். கஷ்டம் வந்தால் அவருக்கு முதலில் ஞாபகம் வருவது இறந்துபோன அவருடைய அப்பாதான்.

பெட்டியை எடுத்துவந்து காட்டினேன். அப்பா அதில் நாயையும் தவளையையும் பார்த்தார். என்னையும் பார்த்தார். பணம் இல்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் முப்பத்திரண்டு வயதுப் பெண் தவளையோடு விளையாடுகிறாள் என்பதில் நிம்மதிப்படுவதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. "இத்த அவங்க கண்ணால பாக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையத்தில் சந்திப்பது என்று ஏற்பாடானது. கோயிலில் நல்ல கூட்டம். வேப்பிலை கட்டிக்கொண்டு சுற்றி வருகிறவர்கள், மொட்டை போட்ட குழந்தைகள், பொங்கல் வைக்கிற புகை. மாமாவின் கடையை ஒட்டி நிழலில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். மாமா, மாப்பிள்ளை, அப்பா, நான். நான் புடவை கட்டிக்கொண்டு, மடியில் கைக்குட்டையில் சுற்றிய அந்தப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். கோர்ட்டுக்குச் சாட்சி கொண்டுபோவது மாதிரி இருந்தது.

"இதாங்க நான் ஆடுற சீட்டு. பணமெல்லாம் இல்ல. மெஷினோடதான் ஆடுறேன்" என்று ஒரு ஆட்டம் ஆடிக் காட்டினேன். விரல்கள் பறந்தன. கட்டு தீர்ந்தது, இசை வந்தது, குண்டு மனிதர் கும்பிட்டார். "பாருங்க, ஜெயிச்சிட்டேன்" என்றேன்.

மாப்பிள்ளை முன்னால் சாய்ந்து திரையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "நீங்க தோத்துட்டீங்கன்னு போட்டிருக்குங்க" என்றார், ரொம்ப மெதுவாக.

"இல்லீங்க, கட்டு தீர்ந்துடுச்சே."

"அதான். கட்டு தீர்ந்ததால தோத்துட்டீங்கன்னு போட்டிருக்கு."

இந்த ஒரு ஆட்டம் அப்படியாகியிருக்கும் என்றேன். அவர் பெட்டியை வாங்கி ஏதேதோ அழுத்தி ஒரு பக்கத்தைத் திறந்தார். இதுவரை ஆடிய கணக்கெல்லாம் அதில் இருந்தது. அதைப் படிக்க எனக்கு ஜப்பான் மொழி தேவைப்படவில்லை. வெற்றி பூஜ்யம். தோல்வி இருநூற்றுப் பதினொன்று.

மாமா எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். நல்ல மனசுச் சிரிப்புதான். பெரிய பாரம் இறங்கிய மாதிரி தொடையைத் தட்டிக்கொண்டு, "ஐயோ, இதுவா சூதாடுற பொண்ணு! ஒண்ணுகூட ஜெயிக்கலியே!" என்றார். கற்பூரம் வாங்க வந்த ஒரு அம்மாவுக்கும் விஷயம் சொல்லப்பட்டது. அந்த அம்மாவும் சிரித்தார். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய? காது மட்டும் நெருப்பாக எரிந்தது. பன்னிரண்டு பேருக்கு சூப்பர்வைசர்!

எதையாவது பேச வேண்டுமே என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். "ஒவ்வொரு வாட்டியும் முடிஞ்சதும் அந்த ஆளு ஏதோ கேக்குறாரே, அது இன்னாங்க?"

அவர் படித்துப் பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தது தெரிந்தது. "'ஆட்டத்தோட விதிய மொதல்லேருந்து சொல்லித் தரட்டுமா?'ன்னு கேக்குறாருங்க."

"நான் கீழ இருக்கறத அழுத்துவேன்."

"அது 'வேணாம்'."

இருநூற்றுப் பதினோரு முறை அந்த மனிதர் குனிந்து, சொல்லித் தரட்டுமா என்று கேட்டிருக்கிறார். இருநூற்றுப் பதினோரு முறை நான் வேண்டாம் என்று அவர் முகத்திலேயே சொல்லியிருக்கிறேன். மற்றவர்கள் சிரித்ததுகூடப் பரவாயில்லை. இது உள்ளே போய்த் தைத்தது. எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு நான் கேட்காமலே விட்டது இந்தப் பெட்டியில் மட்டும்தானா என்று ஒரு பயம் வந்துவிட்டது.

மாமா அதற்குள் நாள் பார்க்கிற பேச்சுக்குப் போய்விட்டார். "அப்புறம் இன்னா, வைகாசில வச்சிக்கலாம். மண்டபம் நான் பாத்துக்குறேன்" என்றார். எல்லாம் கூடிவந்துவிட்டது. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அன்றைக்கே பூ வைத்திருப்பார்கள்.

"மாமா, என் வேல விஷயம் பேசினது அப்பிடியேதானே?" என்று கேட்டேன். "கல்யாணத்துக்கு அப்புறமும் நான் வேலைக்குப் போவேன். அதுல மாத்தம் இல்லியே?"

மாமாவுக்கு நான் கேட்டது புரியவே இல்லை. "அதான் அப்பவே உங்கப்பாகிட்ட சொன்னோமேம்மா. அதெல்லாம் பாத்துக்கலாம்னு."

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா கடையில் தொங்கிய எலுமிச்சை மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் எத்தனை பழம் என்று எண்ணுகிறவர் மாதிரி பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது.

தமிழில் பெண் வீட்டாரிடம் சொல்லப்படுகிற 'பாத்துக்கலாம்' என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் இந்தத் தடவை எழுத்துக்கூட்டிக் கேட்டுவிடுவது என்று மாப்பிள்ளையிடமே திரும்பினேன். "உங்க வீட்ல பாத்துக்கலாம்னா இன்னா அர்த்தங்க?"

அவர் மாமாவை ஒரு தரம் பார்த்தார். "வேணாம்னுதாங்க அர்த்தம்" என்றார்.

மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "டேய், சும்மா இர்ரா" என்றார். அவர் சும்மா இருந்துவிட்டார். அவர் நல்லவர். நான் கேட்டதற்கு மாமாவின் முன்னாலேயே உண்மையைச் சொன்னார். அதற்குமேல் இன்னும் ஒரே ஒரு வார்த்தை, "ஆனா எனக்கு சம்மதம்" என்று சொல்லியிருந்தால் நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பேன். கொஞ்ச நேரம் காத்திருந்தும் பார்த்தேன். அவர் பெட்டியை அணைத்து, என் கைக்குட்டையிலேயே அழகாகச் சுற்றி, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"அப்ப இது சரிப்படாதுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

திருவள்ளூர் போகிற பஸ்ஸில் அப்பாவும் நானும் பக்கத்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தோம், வேறு இடம் இல்லை. தாமரைப்பாக்கம் வரை அழுதேன். அந்த மனிதரை எனக்குப் பிடித்திருந்தது, அதை மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் அழுகையைவிடப் பெரிதாக இருந்தது அப்பா மேல் கோபம். "அவங்க ஒத்துக்கலன்னு உனக்குத் தெரியும்லப்பா?" என்றேன்.

அப்பா சன்னல் பக்கம் பார்த்தபடி, "சொன்னா நீ வேணாம்னுடுவ. அதான்" என்றார். "கல்யாணம் ஆயிட்டா எல்லாம் தானா சரியாயிடும்னு நெனச்சேன்."

"யாருக்கு சரியாயிடும்?"

அதன்பின் மாதக்கணக்கில் நாங்கள் இரண்டு பேரும் அம்மா வழியாகத்தான் பேசிக்கொண்டோம். "உங்கப்பாவ சாப்ட வரச் சொல்லு" என்று, அம்மா என்னிடம் சொல்கிற மாதிரியே அம்மாவிடம் சொல்வேன். அம்மாவும் "யாருக்கு யாருடி அப்பா?" என்று சத்தம் போட்டுக்கொண்டே போய்ச் சொல்வார்.

நடுவில் ஒருநாள் காலை பஸ்ஸில் மனசு கேட்காமல் பெட்டியை எடுத்தேன். வழக்கம்போல் தோற்றேன், வழக்கம்போல் அவர் குனிந்து கேட்டார். இந்த முறை மேலே இருந்த சொல்லை அழுத்தினேன். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, அந்தக் குண்டு மனிதர் பக்கம் பக்கமாக, பொறுமையாக, ஒன்று விடாமல் விளக்கினார். எல்லாம் ஜப்பானிய மொழியில். ஒரு எழுத்து புரியவில்லை. புதுவாயல் வரும்வரை மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டு வந்தேன்.

புரட்டாசி முடிந்து ஐப்பசியில் மறுபடி ஒரு வரன் வந்தது. ஊத்துக்கோட்டைப் பக்கம். அவர்கள் இங்கே வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். மாப்பிள்ளை வீடு பார்க்க அப்பாவும் அம்மாவும் மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனார்கள். எனக்கு இந்த வரனில் பெரிய ஆசையும் இல்லை, வெறுப்பும் இல்லை. யூனிஃபார்மை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தேன். சாயங்காலம்தான் வருவார்கள் என்று நினைத்தால், மதியச் சாப்பாட்டு நேரத்துக்கே ஆட்டோ வந்து நின்றது.

அம்மா இறங்கும்போதே கத்திக்கொண்டு இறங்கினார். "இன்னா மனுஷன் இவுரு! அவ்ளோ தூரம் போயி, தண்ணி கூடக் குடிக்கல. வடை பாயசத்தோட சமையல் பண்ணி வச்சிருக்காங்க. இவுரு போயி குந்தினதும் குந்தாததுமா, 'எங்க பொண்ணு வேலைய உடாது, உங்களுக்கு அது சரியா?'ன்னு கேக்குறாரு. அந்தப் பையனோட அம்மா பாவம், மரியாதயா சிரிச்சிக்கினே, 'அதெல்லாம் பாத்துக்கலாங்க'ன்னு சொல்லுது. சொல்லி வாய மூடல. எழுந்து போயி செருப்ப மாட்டிக்கினு வாசல்ல நிக்கிறாரு!"

அப்பா என்னைத் தாண்டி உள்ளே போய், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "பசிக்குதும்மா" என்றார், என்னிடமே நேராக. நான் அயர்ன் பாக்ஸை அணைத்துவிட்டு அவருக்குச் சோறு போடப் போனேன்.